யன்னலடியில் இருக்கும் உன் மண்

மச்சான்,

உன் மண் மறுபடியும் முளைத்திருக்கிறது.

சுபஹு தொழுதுவிட்டு வந்து யன்னலைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் நீ பிறந்த வளவு மண்ணை முக்கால்வாசிக்கு நிரப்பி யன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். போன கிழமை முழுக்க அது ஒன்றுமில்லாமல் கறுத்து, ஈரமாகக் கிடந்தது. இந்தத் தடவை தப்பினோம் என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு ஓரத்தில் பச்சை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். தரையோடு வட்டமாக விரிந்த இலை, ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக, கரட் இலையைப் போல. வேறு ஏதாவது புல்லாக இருந்துவிடக் கூடாதா என்று கொஞ்ச நேரம் ஆசைப்பட்டேன். கையில் ஒரு ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு ஓர் இலையைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தேன். அதே வாடை. பார்த்தீனியம்.

ஆகவே இந்தத் தடவையும் உன் கபுறுக்கு மண் வராது. கோபித்துக்கொள்வதென்றால் கோபித்துக்கொள். எனக்கும் உன்மேல் கோபம்தான். மௌத்தானவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று உன்னை அடக்கிய மையவாடி வாசலில் ஆளுக்காள் சொன்னார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பொத்திய வாயை இன்றைக்குத்தான் திறக்கிறேன். உன்னிடம் பேசாமல் நான் வேறு யாரிடம் போய்ப் பேச?

புத்தளம் ஆசுபத்திரியில் நீ கிடந்த கட்டில் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூக்கில் ஒட்சிசன் குழாய். முழங்கை வரைக்கும் தோல் வெடித்துச் சிவந்து, களிம்பு பூசியிருந்தார்கள். உன் மகள் ஷிரீன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். இத்தனை வருடத்துக்குப் பிறகு, மேய்ச்சல் தரவை விசயத்தில் "பிழைச்சுப் போச்சு மச்சான்" என்று ஒரு சொல் சொல்லப் போகிறாய் என்று நினைத்துக் குனிந்தேன். நான் மன்னிப்புக்குக் காதைக் கொடுத்தேன். நீ மண் கேட்டாய்.

"என்ட கபுறுல எங்கட வளவு மண் ஒரு பிடி போடணும். நீதான் போடணும். வேற ஆருக்கும் சொல்லாத."

ஓம் என்றேன். அந்த நிலையில் கிடக்கிறவனுக்கு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்த "ஓம்" வாயில் வரும்போதே எனக்கு நெஞ்சுக்குள் பற்றி எரிந்தது. இன்னுமா மண்? அந்த ஊரிலிருந்து நீ கொண்டு வந்தது போதாதா?

நமக்கு மீசை அரும்புகிற வயது, தொண்ணூறில் இங்கே வந்து இறங்கியபோது. வடக்கு முஸ்லிம்களையெல்லாம் விரட்டிவிட்டபோது மன்னார்ப் பக்கத்து ஊரை விட்டு, உடுத்த உடுப்போடு, வள்ளத்தில். கற்பிட்டிக் கரையில் இறங்கி, பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் படுத்து, பிறகு ஓலைக் கொட்டிலுக்கு வந்தோம். உன் வாப்பா பட்டி நிறைய மாடு வைத்திருந்தவர். இங்கே வந்து அடுத்தவனுடைய வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். நீ அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தாய். ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கி, கடைசியில் இந்தப் பக்கத்தில் உன் பட்டியைப் போல ஒரு பட்டி இல்லை என்று ஆக்கினாய். நான் பால் நிலையம் போட்டேன். நீ கறந்தாய், நான் எடுத்தேன். விடியற்காலையில் சைக்கிள் கரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு முதலில் வருகிறவன் நீதான்.

மாடுகள் மேய்ந்தது களப்போரம் கிடந்த பொதுத் தரவையில். அது நம்முடையது அல்ல. காலம் காலமாக இங்கே இருக்கிறவர்களின் மேய்ச்சல் நிலம். வந்தவர்களும் மேய்த்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் ஒரு நாள் விட்டார்கள். அதைச் சொல்லிக் காட்டவும் மறக்கவில்லை. சேகு மரைக்கார் காக்கா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், "என்ன, அகதி மாடெல்லாம் கொழுத்திட்டுது" என்று சிரிப்பார். பகிடிதான். ஆனால் நீ ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை.

அதனால்தான் உனக்கு அந்த ஹஜ்ஜுப் பெருநாள் மாட்டு லொறி அத்தனை பெரிதாக இருந்தது என்று இப்போது விளங்குகிறது. சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, போய் வரலாம் என்று ஆனபிறகு, குர்பானுக்கு மாடு வாங்குவதென்றால் நம் ஊர்ப் பக்கத்தில்தான் வாங்க வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். இங்கேயும் மாடு இருந்தது, விலையும் குறைவு. "எங்கட ஊர் மாட்டை எங்கட ஆக்கள் அறுத்துப் பங்கு வைக்கிறதுக்கு என்னடா கணக்கு?" என்றாய். ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னால் லொறி வரும். நிற்பதற்கு முன்னமே நீ பின்பக்கத்தில் ஏறிவிடுவாய். மாட்டைக்கூட நீ முதலில் பார்ப்பதில்லை. மாட்டுக்குப் போட்டு வந்த வைக்கலில் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கில் வைப்பாய்.

"மணந்து பாரு மச்சான். வாப்பாட வேட்டி வாடை."

நானும் மணந்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த வைக்கலில் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போய் வீட்டுக் கூரையில் சொருகினார்கள். ஊரைப் பார்க்காமலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதில் உருண்டு விளையாடின. பெருநாள் முடிந்ததும், தரவை ஓரத்துப் பாலை மரத்தடியில் மாடு கட்டிய இடத்தில் கிடக்கும் மிச்ச வைக்கலையும் சாணத்தையும் ஒருவரையும் எரிக்க விடமாட்டாய். நீயே கூட்டி, நீயே கூடையில் அள்ளி, தரவையில் தூவுவாய். எங்கட ஊர் எரு, இந்தப் புல்லும் அதைத் தின்று வளரட்டும் என்பாய். பெரிய விதைப்புக்காரன் வயலில் இறங்கி நடப்பது மாதிரி நடந்து தூவினாய். அந்த நடை என் கண்ணில் நிற்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

மாரி மழைக்குப் பாலை மரத்தடியில் புதிதாக ஒரு செடி வந்தது. முழங்கால் உயரம். சீனி சிந்தியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. முதலில் கண்டதும் நீ. "ஒரு ஆடும் வாய் வைக்குதில்ல பாரு. மருந்துச் செடியாக்கும்" என்று மெச்சினாய். ஷிரீன் ஒரு கொத்துப் பறித்துக்கொண்டு போய் ஜேம் போத்தலில் தண்ணீர் விட்டு உன் முன்அறை அலுமாரிமேல் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

அடுத்த கோடைக்குப் புல் தேய்ந்து, மாட்டுக்கு வேறு வழியில்லாமல் போன ஒரு காலையில், உன் பால் கசந்தது.

ஒவ்வொரு கேனிலும் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் நான் பெரிய கேனில் ஊற்றுவேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நக்கிவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் நக்கினேன்.

"என்னடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"பால் கசக்குது மச்சான்."

"உன்ட நாக்கில பித்தம். போய் இஞ்சித் தேத்தண்ணி குடி."

கையில் விட்டு உன்னிடம் நீட்டினேன். நக்கினாய். உன் முகம் கோணியதை நான் பார்த்தேன், நீ மறைத்ததையும் பார்த்தேன். கேன் சரியாகக் கழுவவில்லை என்று வீட்டுக்காரியின் தலையில் போட்டாய். மறுநாள் சுடுதண்ணீரில் கழுவிய கேன் வந்தது. அதிலும் கசப்பு. அந்தக் கிழமைக்குள் சேகு மரைக்காரின் கேனும் கசந்தது. அவர் உன்னைப் போல மறைக்கிறவர் அல்ல. துப்பிவிட்டு நேரே விவசாயக் கந்தோருக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் கௌரி வந்தாள். உடப்பு ஊர்ப் பிள்ளை, விவசாயப் போதனாசிரியை. ஸ்கூட்டியைப் பாலை மரத்தடியில் நிறுத்திவிட்டு, செடியை ஒரு தரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அதைப் பார்க்கவே இல்லை. லொறி வந்து நிற்கிற இடத்தைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று வாய்க்கால் ஓரமாக நடந்தாள். மாடு எந்த வழியாலே பட்டிக்குத் திரும்புகிறது, சாணத்தை யார் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். செடி கண்ட இடங்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சி குத்தினாள். நீயும் நானும் பின்னால் நடந்தோம். நீ என் காதில், "பிள்ள காணி அளக்க வந்திருக்கு போல" என்றாய்.

நடந்து முடித்துவிட்டு அவள் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இது ஒரு மூலையில் மட்டும்தான் இருக்கிறது, கையால் பிடுங்கி முடிக்கலாம். அந்த மூலையைக் கயிறு கட்டி மூட வேண்டும், மாடு போகக் கூடாது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு, பூ வருவதற்கு முன்னால், கையுறை போட்டுப் பிடுங்கிக் குழியில் போட்டு எரிக்க வேண்டும். விதை மண்ணுக்குள்ளே வருடக்கணக்காகப் படுத்திருக்கும், ஆகையால் ஒரு தடவை பிடுங்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது. விட்டால் வாய்க்கால் வழியாக வெங்காயப் பாத்திக்கும், சாணத்தோடு கற்பிட்டித் தோட்டங்களுக்கும் போய்விடும்.

"பூ வெள்ளையாகிறதுக்கு முன்னம் பிடுங்கிட்டமெண்டா நாங்க வெண்டிட்டம். பூத்துட்டா, பிறகு அதுக்குப் பின்னால நாங்க ஓடவேண்டியதுதான் ஐயா" என்றாள். பிறகு, "லொறியில வாற வைக்கோல் எங்கயிருந்து வாறது?" என்று கேட்டாள்.

"எங்கட ஊர்ல இருந்து" என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். சொல்லி வாயை மூடுவதற்குள் உனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் கூட்டம். கௌரி சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். மூலையை மூடுவோம், இந்த வருடம் லொறியைத் தரவைக்குள் விடாமல் ரோட்டிலேயே நிறுத்தி மாட்டை மட்டும் இறக்குவோம், வைக்கலை அங்கேயே எரிப்போம் என்றேன். சித்திரை மழை பெய்து முடிந்திருந்தது. செடி இன்னும் தரையோடுதான் கிடந்தது. அந்த மழைக்கு ஒரு சனிக்கிழமைக் காலை வேலை. அவ்வளவுதான் கேட்டது.

சேகு மரைக்கார் எழுந்தார். "இது இந்த மண்ணில இருந்த சாமான் இல்ல. நீங்க கொண்டு வந்த சாமான். அகதிப் பூடு" என்றார்.

முற்றம் கொதித்தது. பிளாஸ்டிக் கதிரைகள் இழுபட்டன. நீ எழுந்து கையைத் தூக்கினாய். உன் சொல்லுக்கு மரியாதை இருந்த காலம், எல்லோரும் அடங்கினார்கள். இப்போது சொல்லுவான், ஒத்துக்கொள்வான், பிறகு எல்லோரும் இறங்கிப் பிடுங்குவோம் என்று நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெருநாள் வருகுது. சண்டை பிடிக்கிற நேரமில்ல. ஹஜ்ஜுக்குப் பிறகு பாப்பம்" என்றாய்.

எத்தனை தலைகள் ஆடின தெரியுமா? இங்கத்தவர்களுக்கும் அது வசதி. பெருநாளுக்கு அவர்களும் மாடு விற்க வேண்டும், தரவையில் நோய்ப் பூடு இருக்கிறதென்று ஊரெல்லாம் பரவினால் யார் வாங்குவான்? பள்ளி நிர்வாகத்துக்கும் வசதி, கதை முடிந்தது. உன்னை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் தொங்கிய கயிறு உன்னுடைய சொல். அதையும் நான் மறக்க மாட்டேன்.

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு பால் நிலையத்துப் படியில் வந்து குந்தினாய். நான் கேன்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். நீயாகத்தான் தொடங்கினாய்.

"வைக்கல்ல வந்ததெண்டு நான் இன்டைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு எங்களையும் வைக்கல்ல வந்தவனுகள் எண்டு சொல்லுவானுகள். பிடுங்கி எரிக்கிறதப் பத்தித்தானே அந்தப் பிள்ள சொல்லிச்சு? அந்தப் பூடோட மட்டும் நிப்பானுகளா?"

"அது செடிடா" என்றேன். "செடியும் நாங்களும் ஒண்டா?"

"உனக்கு ஒண்டில்ல. அவனுகளுக்கு ஒண்டுதான்."

மிச்சக் கேனையும் கவிழ்த்து வைத்தேன். நீ பயந்தது பொய்ப் பயம் அல்ல. ஆனால் மச்சான், செடிக்கு அந்தப் பயம் தெரியாதே. அது பெருநாள் வரைக்கும் பொறுக்கவில்லை. நீ லொறிக்குச் சோடனை கட்டிக்கொண்டிருந்த கிழமை தரவை மூலை வெள்ளையாகிவிட்டது. லொறியும் வந்தது, உள்ளேதான் வந்தது, வைக்கலும் வந்தது. நீ மணந்து பார்த்தாய். என்னைக் கூப்பிட்டாய். நான் வரவில்லை.

பெருநாள் முடிந்து பார்த்தபோது மூலை என்று ஒன்று இல்லை, பாதித் தரவை. அப்போது உனக்கு வேகம் வந்தது. பெரிய சிரமதானம். மைக் கட்டி அறிவித்து, வாலிபர்களையெல்லாம் இறக்கி, முதல் ஆளாக நீயே இறங்கினாய். வெறுங்கையோடு. காய்த்து முற்றிய செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கித் திறந்த ட்ரெய்லரில் மலை மாதிரிக் குவித்து, மேலே ஒரு சாக்குக்கூடப் போடாமல், குப்பை கொட்டுகிற இடத்துக்கு ரோடு வழியாகக் கொண்டு போனீர்கள். கௌரி ஸ்கூட்டியைக் குறுக்கே போட்டு மறித்தாள். "பூத்ததப் பிடுங்கி ஊரெல்லாம் தூவிக்கொண்டு போறீங்களே! இந்த இடத்திலேயே கிடங்கு வெட்டி எரியுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ட்ரெய்லரின்மேல் இருந்துகொண்டு நீ, "பிள்ள, பிடுங்கச் சொன்னதும் நீ, பிடுங்கினா பேசுறதும் நீ" என்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். ட்ரெய்லர் குலுங்கிக்கொண்டு போனது.

அடுத்த மழைக்கு அந்த ரோட்டின் இரண்டு பக்கமும், சந்தி வரைக்கும், கரை கட்டியது போலப் பச்சை. ட்ரெய்லர் போன வழியை ஒரு குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பான்.

பிறகு செய்ததெல்லாம் வீண் ஓட்டம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் சொன்னார்களென்று உப்புத் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டு வந்து தெளித்தீர்கள். செடி கருகியது, கூடவே புல்லும் கருகியது. மழை பெய்து உப்புக் கழுவிப்போனதும் முதலில் தலை தூக்கியது புல் அல்ல. மாடு எலும்பாயிற்று. பால் எடுக்க வருகிற குளிர் வண்டி, ருசி பிடிக்கவில்லை என்று எங்கள் சந்தியில் நிற்காமலே போகத் தொடங்கியது. நான் நிலையத்தைப் பூட்டினேன். நீ மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தாய். கைகளில் தடிப்பும் வெடிப்பும், பூக்காலம் வந்தால் இழுப்பு. வைத்தியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூடுதான் உன்னைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல நான் வைத்தியனும் அல்ல. ஆனால் வெறுங்கையோடு நீ இறங்கிய அந்தக் காலைதான் எனக்கு நினைவு வருகிறது.

உன் ஜனாஸாவுக்குச் சேகு மரைக்காரும் வந்தார். முன்வரிசையில் நின்றார். கபுறுக்குள் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டோம். இந்த ஊர் மணல், கையில் நிற்காமல் விரலிடுக்கால் வழிந்து விழுந்தது. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் உன்னை மூடிக்கொண்டது.

சில மாதம் கழித்து உன் மண்ணுக்காகப் புறப்பட்டேன். மன்னாருக்கு நேரே போகிற எலுவன்குளம் பாதை மூடிக் கிடப்பதால் அநுராதபுரம் சுற்றி, பஸ் மாறி மாறிப் போனேன். உன் வளவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். கிணற்றுக் கட்டு அப்படியே இருந்தது. ஆனால் மச்சான், கிணற்றடியிலிருந்து உன் வாப்பாவின் பட்டி இருந்த இடம் வரைக்கும் வெள்ளை. இடுப்பளவு. வீட்டுச் சுவருக்குள்ளே, வாசற்படியில், பட்டியின் மரக்கட்டை வெடிப்பில்கூட அதே பூ. நீ இருந்து, வாப்பா இருந்து, மாடு மேய்ந்திருந்தால் அது இப்படி ஏறியிருக்காது. ஆளில்லாத வளவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து நம் வைக்கலில் ஏறி வந்திருக்கிறது. நான் நின்று அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அழுதேன்.

ஒரு சிரட்டையால் மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டு, அடிமண்ணாகப் பார்த்துத் தோண்டி, பெட்டியில் போட்டு மூடி, பையில் வைத்துக் கட்டினேன். திரும்பும்போது சந்திக் குழாயடியில் செருப்பைக் கழற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காற்சட்டை மடிப்பை உதறினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறந்த ஊரின் தூசியை இப்படி உதறுகிறவனை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

வந்ததும் நேரே உன்னிடம்தான் வந்தேன். மையவாடி மதிலுக்குள்ளே நுழைந்து, பெட்டியைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். வெளியே ரோடும் தரவையும் வாய்க்கால் கரையும் வெள்ளையாகக் கிடக்க, மதிலுக்குள்ளே மட்டும் வெறும் புல். மாடும் லொறியும் உள்ளே வராத ஒரே இடம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஏறாத நிலம் அது ஒன்றுதான். அங்கே உன் நெஞ்சுக்கு மேலே கொண்டு போய் அதை விதைக்கவா? மூடியை இறுக்கிக்கொண்டு திரும்பினேன். நீ கேட்டதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் திரும்பிய அந்த நடையை நீ பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பாய்.

கௌரியிடம் கேட்டேன். "ஈரமாக வச்சிருங்கோ ஐயா. என்ன முளைக்குதெண்டு பாருங்கோ. முளைச்சா பிடுங்கிப்போட்டு, மண்ணைக் கிளறி, திரும்பத் தண்ணி விடுங்கோ. ஒண்டும் வராம நிண்ட பிறகு கொண்டு போங்கோ" என்றாள். எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டேன். சொல்ல ஏலாது என்றாள்.

முளைத்தது. பிடுங்கினேன். கிளறினேன். மறுபடியும் முளைத்தது. என் வீட்டுக்காரி நஸீமா தினமும் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, தாச்சியில போட்டு நல்லா வறுத்தெடுத்துக் கொண்டுபோய்ப் போடுங்களே. விதையும் செத்துரும், உங்கட கடனும் தீந்துரும்."

அவள் சொல்வதில் பிழையில்லை. தாச்சியைக்கூட எடுத்து அடுப்பில் வைத்தேன். மா வறுப்பது போல உன் வாப்பாவின் வளவை வறுக்கிறதா என்று நினைத்ததும் கை வரவில்லை. நீ கேட்டது செத்த மண் அல்ல. உயிருள்ள மண்ணை நான் தர முடியாது, செத்த மண்ணைத் தர மனம் இல்லை. உன்னோடு வாழ்ந்தபோதும் இதே கஷ்டம்தான்.

தரவையை நாங்கள் விட்டுவிடவில்லை. மழை பெய்து நாலைந்து நாள் போனதும் கையுறையும் குழி வெட்ட மண்வெட்டியுமாக இறங்குகிறேன். கூட வருவது யார் தெரியுமா? சேகு மரைக்கார். முதுகு வளைந்துவிட்டது, சண்டித்தனம் வளையவில்லை. ஆளுக்கொரு பக்கத்தால் பிடுங்கிக்கொண்டு வருவோம். பாலை மரத்தடியில் ஒரு துண்டு நிலம் இப்போது புல் பிடித்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு பாய் விரிக்கலாம். அவர் இன்னும் அதை அகதிப் பூடு என்றுதான் சொல்கிறார். போன மாரியில் நான் பொறுக்க முடியாமல், "காக்கா, அந்தப் பேரை விடுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "பேரில என்ன கிடக்கு? உன்ட கூட்டாளி அண்டைக்கு எனக்கு ரெண்டு அடி அடிச்சிட்டுப் பிடுங்க வந்திருந்தா, நானும் வந்திருப்பன்" என்றார். திரும்பவும் குனிந்து பிடுங்கத் தொடங்கினார்.

அந்த ஒரு சனிக்கிழமைக் காலை, மச்சான். நீ அவரை அடித்திருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். வைக்கலில் வரவில்லை, வானத்தால் விழுந்தது என்று சத்தியம் பண்ணியிருக்கலாம். பிடுங்க மட்டும் வந்திருந்தால் போதும்.

உன் மண் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இதை எழுதி முடித்துவிட்டு, இன்றைக்கு முளைத்ததைப் பிடுங்கி எரிப்பேன். கிளறித் தண்ணீர் விடுவேன். அது முளைக்கிற மட்டும் பிடுங்குவேன். என்றைக்காவது ஒரு மாரியில் இந்தப் பெட்டி வெறும் மண்ணாகவே கிடந்தால், அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்து என் கையால் உன் மேலே போடுவேன். அதற்கு முன்னால் எனக்கு ஏதும் நடந்தால் ஷிரீன் பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பிடுங்கக் காட்டிக் கொடுத்திருக்கிறேன், கையுறையோடு. அவசரப்படாதே. நீ எங்கும் போகப் போவதில்லை, நானும் இப்போதைக்குப் போகவில்லை.

ஹஜ்ஜுக்குப் பிறகு பாப்பம்.